மாசானம் என்ன கேட்டான்

சேலைக் கரை மட்டும் வெளியே தெரிந்தது. நீலக் கரை, ஒரு விரல் நீளம், கதவுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள சந்து வழியே. செண்பகம் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்கு அதுதான் சாட்சி. அவள் புருசன் ஆவுடையப்பன் அதைப் பார்த்தபடி இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மடங்காத கிழவர் எப்படி உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. பக்கத்தில் தட்டு, தட்டில் இட்லி, சட்னியின் ஓரம் காய்ந்து கறுத்துக்கொண்டு வந்தது. ஊசி போட்டாச்சு. அதுதான் சங்கதி. காலையில் அவர் கையாலேயே வயிற்றில் இன்சுலின் போட்டார், அவளும் சட்டையைத் தூக்கிக் காட்டும் பிள்ளை மாதிரி நின்றாள். ஊசி போட்டால் அரை மணிக்குள் ஏதாவது உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் சர்க்கரை இறங்கும், வேர்க்கும், நடுங்கும், பேச்சு குழறும், அப்புறம் பேச்சே இருக்காது. டாக்டர் சொன்னது. டாக்டர் இன்னொன்றும் சொன்னார், மறதிக்காரங்க இருக்கிற வீட்டில் உள்தாழ்ப்பாள் வேண்டாம், எல்லாத்தையும் கழட்டிருங்க என்று. குளியலறையில் கழற்றினார். படுக்கையறையில் திருகாணி வழுக்கியது. ஸ்க்ரூ டிரைவரை மூலையில் வீசி எறிந்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அந்த நாளை வரவே இல்லை. எல்லாத்துலயும் அவசரம், எதையும் முடிக்கப் பொறுமை கிடையாது, மூதேவி, என்று தன்னையே திட்டிக்கொண்டார். சத்தம் வராமல்தான் திட்டினார். சத்தம் வந்தால் அவளுக்குக் கேட்கும். அந்தக் குரல் கேட்கக் கூடாது. அந்தக் குரலால் வந்த வினைதானே இவ்வளவும்.

"அண்ணாச்சி, ஒடைச்சிருவோம்," என்றாள் எதிர் பிளாட் ஜெசிந்தா டீச்சர். ரிட்டையர் ஆன பிறகும் வகுப்பை அடக்குகிற குரல். அவள்தான் வாட்ச்மேன் எத்திராஜைக் கடப்பாரையோடு மேலே ஏற்றியிருந்தாள். ஆசாரிக்குப் போன் போட்டதும் அவள்தான், அவன் வடபழனி சிக்னலில் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். "இன்னா சார் யோசிக்கிற? ஒரே போடு. பொளந்துக்கும்," என்றான் எத்திராஜ். அப்புறம் வாய் சும்மா இருக்காமல், "இல்ல நீயே போடு சார். மாசானம் படத்துல வில்லனா வந்து எப்டி போட்ட! ரெண்டே வெட்டு, கதவு ரெண்டு துண்டு. எங்கம்மா அன்னிக்கி தியேட்டர்ல மண்ண வாரித் தூத்திச்சி சார் உன்ன," என்று சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தான். ஜெசிந்தா டீச்சர் முறைத்த முறைப்பில் சிரிப்பு அப்படியே நின்றது. ஆவுடையப்பன் கரையைக் காட்டினார். அவ கதவுலதான் சாஞ்சிருக்கா, என்று உதட்டை மட்டும் அசைத்தார். படத்துக் கதவு படத்துக் கதவுடா. பின்பக்கம் அறுத்து வைத்த பலகை, ஆணிக்குப் பதில் பசை, ஒரு தட்டுக்கு விழுகிற மாதிரி ஆசாரி செய்து கொடுத்தது. அப்படியும் சிலாம்பு தெறித்து உள்ளே நின்ற கதாநாயகியின் கன்னத்தில் கீறிவிட்டது. அந்தப் பிள்ளை அழுதது நிஜ அழுகை. டைரக்டர் அதையே படத்தில் வைத்துக்கொண்டார். இது தேக்கு. சொந்த வீடு வாங்கியபோது செண்பகம் கேட்டு வாங்கிய தேக்கு. நல்ல கதவா இருக்கணுங்க, உள்ள இருந்தா பயம் இல்லாம இருக்கணும் என்றாள். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் தெறிப்பது சிலாம்பு இல்லை, அவள் முதுகெலும்பு. உடைத்து உள்ளே போனாலும்? கதவை உடைத்துக்கொண்டு எவன் உள்ளே வருவான் என்று அவள் பயந்து தாழ் போட்டாளோ அவன்தானே வருவான். ஏற்கனவே அவள் இதயத்தில் ஸ்டென்ட் என்று ஒரு கம்பிச்சுருள் வைத்திருக்கிறது. சந்து வழியே ஆரஞ்சு மிட்டாய் ஒன்றைத் தள்ளிப் பார்த்திருந்தார். பிறகு அது திரும்பி வந்தது. விரல் தெரியவில்லை, மிட்டாய் மட்டும் வந்து அவர் கால் பெருவிரலில் முட்டி நின்றது. "வெசம்," என்று உள்ளிருந்து சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள். அப்போது தெளிவு இருந்தது. இப்போது முனகுகிறாள், வார்த்தைக்கு நடுவில் ஓட்டை விழுகிறது.

அந்தப் பொண்ணைச் சொல்ல வேண்டும். இல்லை, அந்தப் பொண்ணு என்ன செய்யும், கையில் மைக்கை வைத்துக்கொண்டு கேட்கிறது பிழைப்பு. முந்தாநாள் வந்தது. யூட்யூபாம். தமிழ் சினிமாவின் மறக்க முடியாத வில்லன்கள் என்று தொடராம், சார் உங்களுக்குப் பிடிச்ச வில்லன் யாருன்னு கேட்டது. நான்தான் என்றார். சிரித்தது. கதைப் புஸ்தகத்திலிருந்து எடுத்த படங்களில் எது சார் பெஸ்ட் என்று கேட்டது. நான் புஸ்தகம் படிக்கிறதில்ல என்றார். அப்ப மாசானம்? அது தொடர்கதையா வந்ததுதானே சார், ஒரிஜினல் படிக்காமலா அப்படி நடிச்சீங்க? வேஷம் கட்டுறவன் எதுக்குப் படிக்கணும், என்றார். அதற்கும் சிரித்தது. சிரித்துச் சிரித்தே ஆளைக் கவிழ்க்கிற பிள்ளை. சார், அந்த டயலாக், ஒரே ஒரு தடவை, ப்ளீஸ் சார். செண்பகம் காதில் விழக்கூடாது என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். புத்திசாலிதான். எத்தனை வருஷத்துப் பழக்கம்! ஷூட்டிங் முடிந்து வந்தால் வெளிக்குழாயில் உப்புத் தண்ணீர் கொப்பளித்து, அந்தக் குரலை வாசலிலேயே துப்பிவிட்டு, ஏட்டி என்று சொந்தக் குரலில் கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். அவள் போட்ட சட்டம். எந்த ஆளை வேணும்னாலும் அடிங்க, கொல்லுங்க, வீட்டுக்கு எம்புருசன் மட்டும் வரணும். அவர் மீறினதில்லை. ஒரு நாள் கூட மீறினதில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று, துணி காயப்போட வந்த இரண்டு பொம்பளைகள் பார்க்க, அந்த மெல்லிசான தேன் குரலை எடுத்து, "உள்ளதான் இருக்கியா தாயி? நான் வந்துட்டேன்," என்றார். உடம்பு சிலிர்த்தது. குரல் போகவில்லை! இத்தனை வருஷம் உள்ளே சுருண்டு கிடந்திருக்கிறது. அந்தச் சந்தோஷம்தான். இன்றைக்கு ஊசி போட்டு, இட்லியை அவளுக்காக எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அந்தப் பொண்ணின் செய்தி, சார் வீடியோ போட்டாச்சு, பாருங்க. பார்த்தார். காது மந்தம், சத்தத்தை முழுக்கக் கூட்டினால்தான் ஏறும். கூட்டினார். பின்னால் செண்பகம் கை கழுவிவிட்டு வந்து நிற்பதை மறந்தார். மறதி அவளுக்கு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர் மறந்தார். ஹால் பூராவும் அந்தத் தேன் குரல். "உள்ளதான் இருக்கியா தாயி?" திரும்பினால் செண்பகம். போனைப் பார்க்கவில்லை, அவர் வாயைத்தான் பார்த்தாள். கண்ணில் அந்தப் பயம்... எத்தனை நடிகைகளிடம் வாங்க முயன்று டைரக்டர்கள் கத்தியிருப்பார்கள் அந்தப் பார்வைக்காக. ஓடினாள். ஓடவே மறந்துபோயிருந்தவள் ஓடினாள். தாழ் விழுந்தது. அவர் போய்க் கதவைத் தட்டி, வாயில் வந்ததைச் சொன்னார். என்ன சொன்னார்? "நான்தான், நான் வந்துட்டேன்." அட முட்டாளே.

வீட்டுக்கு வெளியே வில்லனாக இருப்பது கஷ்டம் இல்லை. சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழவி செருப்பால் அடித்தாள், வாங்கிக்கொண்டார், அது விருது. ஒரு கல்யாண வீட்டில் பிள்ளையை அவர் மடியில் கொடுக்க மறுத்தார்கள். சரிதான், நல்லா நடிச்சிருக்கேன் என்று வெற்றிலை போட்டுக்கொண்டார். எல்லாவற்றுக்கும் பிறகு வீடு இருந்தது. வீட்டில் ஒருத்திக்குத் தெரியும், இவன் கரப்பான் பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறுகிறவன் என்று. அந்த ஒருத்திக்குத் தெரிந்தால் போதும் என்று ஒரு ஆயுசை ஓட்டியாச்சு. இப்போது அந்த ஒருத்திக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் இவன் யார்? உலகம் முழுக்க மாசானம் என்கிறது, வீட்டுக்குள்ளும் மாசானம் என்கிறது, எண்ணிக்கையில் அவர்கள் ஜெயிக்கிறார்கள். கரை அசைந்தது. கொஞ்சம் உள்ளே போய்த் திரும்ப வந்தது. சரிகிறாளா? "செண்பகம்," என்றார். உள்ளே மூச்சு வேகமானது. வாயைப் பொத்திக்கொண்டார். ஜெசிந்தா டீச்சர் குனிந்து, "செண்பகம்மா, நான் டீச்சர், கதவத் தெறங்க, அவரு போயிட்டாரு," என்றாள். "பொய்," என்றாள் செண்பகம் குழறலாக. "நிக்கான். வாடை அடிக்கி." பொடி வாடை. அவர் போடுகிற மூக்குப்பொடி. படத்தில் மாசானமும் பொடி போடுவான், அது இவர் சொந்தமாகச் சேர்த்தது, டைரக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவள்தான் மூஞ்சியைச் சுளித்தாள். கதையில அவன் பொடி போட மாட்டான்ங்க. கதையில், கதையில், எப்போதும் கதையில்! கல்யாணத்துக்கு முன்னாலேயே வாராவாரம் அந்தத் தொடர்கதையைக் கிழித்து, நூலால் தைத்து வைத்திருந்தவள். அந்தப் படத்தில் வேஷம் கிடைத்தது என்று சொன்னதும் அழுதாள். மாசானமா, நீங்களா, என்று. அவர் சவரம் பண்ண, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். அவர் கேட்டாரா? ஊம் கொட்டினார். ஊம் கொட்டுவதும் கேட்பதும் ஒன்றா? முடிவைச் சொல்லு முடிவைச் சொல்லு என்று அவசரப்படுத்தினார். செத்தானா, தப்பிச்சானா, அதச் சொல்லு, எனக்கு நேரமாச்சி. அவள் புஸ்தகத்தை மூடினாள்.

அந்தக் கதையில் கதவு வரும். அது வரைக்கும் நினைவு இருக்கிறது. உச்சி வெயில், கதாநாயகியின் அப்பனைக் கொன்ற மாசானம் அவள் வாசலுக்கு வருகிறான், உள்ளே அவள் தனியாக, தாழ் போட்டுக்கொண்டு. படத்தில் கோடாலி. டைரக்டர் சொன்னார், ஜனங்க கதவு ஒடையிறதப் பாக்கத்தான்யா காசு குடுக்குறான், கெஞ்சுறதப் பாக்கவா? கெஞ்சுவதா? யார் கெஞ்சினது? கதையில் அவன் உடைக்கவில்லை. ஆமாம், உடைக்கவில்லை! கதவு அவனுக்குத் திறந்தது. அவளே திறந்தாள். ஏன் திறந்தாள்? என்னமோ கேட்டான். மாசானம் என்ன கேட்டான்? படம் முதல்முறை போட்டுக் காட்டிய நாள், டாக்சியில் திரும்பி வரும்போது செண்பகம் சொன்னாள். கொட்டுகிற மழை. எல்லாரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தார்கள், காதெல்லாம் கைதட்டல், பக்கத்தில் இவள் குரல் ஒரு கொசு மாதிரி. மாசானம் கதவத் தொட மாட்டான்ங்க. அவன் கேப்பான். கெடுத்துப்புட்டாங்க உங்க ஆளுங்க, அவன் கேட்டதுக்காகத்தான அந்தக் கதையே... என்று ஆரம்பித்தாள். புஸ்தகம் வேற படம் வேற, சும்மா கெட என்றார். அதோடு வாயை மூடினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு தடவை, ஒரே தடவை ஊம் கொட்டாமல் காது கொடுத்திருந்தால் இப்போது... என்னடா கேட்டான்? மன்னிப்பா? இல்லை, மாசானம் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. வழியா? யாரையாவது கேட்டானா? அந்தக் கிழித்துத் தைத்த தொடர்கதை கரையானுக்குப் போய் வருஷமாச்சு. எழுதினவர் போய்ச் சேர்ந்துவிட்டார். படம் மட்டும் இருக்கிறது, வாராவாரம் எந்தச் சேனலிலாவது கதவு உடைந்துகொண்டே இருக்கிறது. உலகத்தில் இப்போது அந்தக் கேள்வி தெரிந்த ஆள் ஒருத்திதான், அவள் கதவுக்கு அந்தப் பக்கம், மண்டைக்குள் எல்லாம் அழிந்துகொண்டே வர, வேர்த்துக்கொண்டு. முனகல் நின்றிருந்தது. எப்போது நின்றது? கவனிக்கவில்லை. காது மந்தம். கதவில் காதை ஒட்டினார். மரம். மரத்தின் சத்தம்தான். "எத்திராஜு, ரெடியா நில்லு," என்றாள் டீச்சர். எத்திராஜ் கடப்பாரையைத் தாழ்ப்பாள் பக்கம் கொண்டுபோனான். வேண்டாம் என்று கையைக் காட்ட நினைத்தார், கை எழும்பவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டீச்சர் பார்த்தாள். ஓடிப்போய்ச் சொம்பில் கொண்டுவந்தாள். "தண்ணி குடிங்க மொதல்ல. தொண்ட வறண்டு போச்சி, நீங்களும் விழுந்துட்டீங்கன்னா நான் யாரத் தூக்க?" சொம்பை வாயில் வைக்காமல், ஊர் வழக்கப்படி உள்ளங்கையைக் குழித்து உதட்டில் கொடுத்தார். குழித்த கை. குழித்த கை உதட்டில். டாக்சி ஜன்னலில் மழை, செண்பகம் கையைக் குழித்து உதட்டில் வைத்துக் காட்டுகிறாள். இப்படிக் கேப்பான்ங்க. தண்ணி. தண்ணி கேட்டான்! எதிரியா இருந்தா என்ன, தண்ணி கேட்டா எந்தப் பொம்பள இல்லன்னு சொல்லுவா?

குடிக்கவில்லை. கையிலிருந்த தண்ணீரைக் கீழே விட்டார். எத்திராஜின் கணுக்காலைப் பிடித்து இழுத்தார், அவன் நகர்ந்தான். தேன் குரல் வேண்டாம், அது டைரக்டருடையது. அவள் முக்காலியில் உட்கார்ந்து வாசிக்கும்போது மாசானத்துக்கு ஒரு குரல் போடுவாள், காய்ந்த சருகு மாதிரி, வெயிலில் வெகுதூரம் நடந்தவன் மாதிரி. அதைத் தேட வேண்டியதே இல்லை. தொண்டையில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. "தாயி," என்றார். "தாயி, தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி." டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டாள். கரை அசையவில்லை. சொந்த ஆயுசில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர் மூன்றாம் தரமும் கேட்டார். "கதவத் தொட மாட்டேன் தாயி. தள்ளி நிக்கேன். தண்ணி மட்டும்." கரை உள்ளே போனது. ஏதோ உருண்டது, டம்ளர். பிடித்து எழுகிற சத்தம், கட்டில் சட்டத்தில் வளையல் உரசுகிற சத்தம், கூஜாவிலிருந்து தண்ணீர் சரிகிற சத்தம், இவ்வளவும் அந்த மந்தக் காதில் கேட்டது. தாழ்ப்பாள் நகர மறுத்தது. வழுக்கின திருகாணி. உள்ளே அவள் அதோடு மல்லுக்கட்டினாள், விட்டாள், மறுபடி பிடித்தாள், ஆவுடையப்பன் தன் பல்லைக் கடித்து அதை நகர்த்தினார். திறந்தது. செண்பகம் நின்றாள். முகம் சாம்பல், ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது, நிலைப்படியைப் பிடித்த கை ஆடியது. இன்னொரு கையில் டம்ளர், பாதித் தண்ணீர் அவள் காலில். அவரைப் பார்த்தாள். அவர் வாயைப் பார்த்தாள். "மாசானமா?" என்றாள். பயம் இல்லை. விசாரிக்கிறாள், அவ்வளவுதான். இல்லட்டி, நான்தான்ட்டி, உம்புருசன் என்று நெஞ்சுக்குள் ஒருத்தன் கதறினான். அவனை அங்கேயே மிதித்து வைத்தார். "ஆமா தாயி," என்றார். டம்ளரை நீட்டினாள். அண்ணாந்து குடித்தார்.

அவள் கால் மடிந்தது. டீச்சர் பாய, அதற்குள் செண்பகம் தானாகவே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்தாள். கண் செருகப் பார்த்தது. இட்லியைக் கையில் எடுத்தார். எடுத்ததைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். வாங்க மாட்டாள். மிட்டாய் திரும்பி வந்ததே. வெசம் என்பாள், கதவை மறுபடி சாத்துவாள். அப்போதுதான் இந்தத் தட்டு ஒன்றை நினைவூட்டியது. எத்தனையோ வருஷமாக, அந்தப் படம் வந்த நாளிலிருந்து, அவர் தட்டில் சோறு விழுந்ததும் முதல் வாயை அவள் எடுத்துப் போட்டுக்கொள்வாள். தின்றுவிட்டு, விரலைச் சப்பிக்கொண்டே, இப்பத் திங்கலாம் என்று கண்ணைச் சிமிட்டுவாள். எச்சிப் புத்தி என்று நினைத்தார். ஏன் என்று கேட்டதில்லை. இந்த வியாதி வந்த பிறகு நின்றது, நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அட, அதுவும் கதையா! ஊரே கொல்லத் தேடுகிறவன், சோறு போட்டவள் முதலில் தின்னாமல் வாயில் வைக்கமாட்டான். அத்தனை வருஷமும் தினம் தினம் அந்தக் கதையின் ஒரு பக்கத்தை அவர் தட்டிலேயே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், அவர் மோரை ஊற்று என்றார். "பசிக்கு தாயி," என்றார். தட்டை அவள் பக்கம் தள்ளினார், அவளைத் தொடாமல், இரண்டு விரலால். டீச்சருக்கு என்ன புரிந்ததோ, சீனி டப்பாவோடு வந்து தட்டில் கவிழ்த்தாள். "ஆனா நீ ஒரு வாய் தின்னு. பொறவுதான் நான்." செண்பகம் மங்கின கண்ணால் பார்த்தாள். உதட்டோரம் லேசாகக் கோணியது, அந்தப் பழைய கேலி. "நம்ப மாட்டீரே," என்றாள் குழறிக்கொண்டு. சீனியில் புரட்டி ஒரு விள்ளல் எடுத்தாள். கை வாய்க்குப் போகிற வழியில் இரண்டு தரம் தடுமாறியது. போய்ச் சேர்ந்தது. மென்றாள். "இன்னொண்ணு," என்றார். "ஒண்ணுல தெரியாது." தின்றாள். "இன்னொண்ணு தாயி." எத்திராஜ் கடப்பாரையைச் சத்தமில்லாமல் சுவரில் சாத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆவுடையப்பன் அவள் நீட்டினதை வாங்கித் தின்றார்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தில் ரத்தம் ஊறியது. பேச்சில் விழுந்திருந்த ஓட்டைகள் அடைபட்டன. ஆள் மட்டும் திரும்பவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள், வாசல் பக்கம் பார்த்தாள், குரலைத் தணித்தாள். "சட்டுனு தின்னுட்டுக் கெளம்பிரும். எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கோவக்காரரோ?" என்றார், தட்டைப் பார்த்தபடி. "கோவந்தான். ஆனா நல்ல மனுசன். கரப்பான பாத்தா நாக்காலில ஏறிக்கிடுவாரு." சிரித்தாள். அப்புறம் சிரிப்பு இறங்கி, கொஞ்ச நேரம் சீனியை விரலால் கூட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு கத சொன்னா மட்டும் காது குடுத்துக் கேக்க மாட்டாரு. உம்ம கதையத்தான் எத்தன மட்டம் சொல்லப் பாத்தேன். நேரமாச்சி நேரமாச்சின்னுருவாரு." ஜெசிந்தா டீச்சர் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆவுடையப்பன் மடங்காத முழங்காலை மறுபடி மடக்கி, நிலைப்படிக்கு இந்தப் பக்கம், கதவைத் தொடாமல், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எங்கிட்டச் சொல்லு," என்றார். "உமக்குத் தெரிஞ்ச கதைதான?" "தெரியாது. சொல்லு. மொதல்லருந்து சொல்லு." அவள் நம்பாமல் வாசலைப் பார்த்தாள். "அவுக வந்துட்டாகன்னா?"

"அவரு வர நேரமாகும் தாயி," என்றான் மாசானம். "நீ இன்னொரு வாய் தின்னுக்கிட்டே சொல்லு."